ஜீயபுரம் படித்துறையில் ஒரு மலைக்கெண்டை

தென்னூரில் என்னை ‘மீன் நிஜாமுதீன்’ என்பார்கள். மீன் விற்பவன் என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. கல்லூரி விலங்கியல் கூடத்தில் ஜாடி கழுவுகிற வேலைதான் எனக்கு. ஆனால் காவிரி மீன் எதைக் காட்டினாலும் செதிலைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

1938 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜீயபுரம் படித்துறையில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தேன். தண்ணீரில் கை வைத்ததும் ஒரு மீன் வந்து விரலை முட்டியது. பெரிய பெரிய செதில், தடித்த உதடு. மலைக்கெண்டை! ஒகேனக்கல் பாறைகளைத் தாண்டிக் கீழே அது கிடையாது என்று புத்தகம் சொல்கிறது. போதாக்குறைக்கு நடுவில் மேட்டூர் அணை வேறு. வலைகூட வேண்டியிருக்கவில்லை, தோள் துண்டை விரித்து அப்படியே அள்ளிவிட்டேன். அது துள்ளவும் இல்லை.

நோட்டில் எழுதினேன்: இடம் ஜீயபுரம், நீளம் ஒரு முழம், மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை.

மறுநாள் கல்லூரியில், பதப்படுத்தும் பார்மலின் ஜாடியில் அதைப் பார்த்த புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“உன் பேர் போட்டே பத்திரிகைக்கு எழுதலாம், நிஜாமுதீன். ஆனா ஒண்ணு போதாது. யாராச்சும் கொண்டாந்து விட்டதா இருக்கலாம். அதே எடத்துல இன்னொண்ணு பிடிச்சிட்டு வா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மலையிலிருந்து மீனைச் சுமந்துவர எவனுக்கு வேலையில்லாமல் இருக்கிறது? ஜாடி கழுவுகிறவன் பெயர் அச்சில் வருவது இவருக்குப் பொறுக்கவில்லை என்றே நினைத்தேன். வீட்டில் மனைவி ஹாஜிராவிடம் ஒரு வாரம் அதையே புலம்பினேன்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் வலையோடு போனேன். படித்துறையில் ஓர் அம்மாள் தண்ணீரில் பொரியைத் தூவி, “வா ராசா, வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பினாள்.

“பாய், இங்க பெரிய மீன் ஒண்ணைப் பாத்தீங்களா? ஒரு வாரமா வரமாட்டேங்குது.”

“என்ன மீனும்மா?” என்றேன்.

அவள் பெயர் இருசம்மாள். மகன் அழகர்சாமி ஒகேனக்கல் பக்கம் மூங்கில் வெட்டப் போனவன்.

“மூணு வருஷத்துக்கு முன்ன பொங்கலுக்கு வந்தப்ப, குஞ்சா பானையில கொண்டாந்து இங்க விட்டான். ‘நான் வர்ற வரைக்கும் இதுக்குப் பொரி போடும்மா’ன்னான். போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான், பாய். அங்கயே பொதைச்சிட்டாங்க. நான் மொகத்தக்கூடப் பாக்கல. தெனம் காலையில தண்ணியில கைய வெப்பேன், இது வந்து முட்டும்.”

வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அஞ்சுவதில்லையாம்! பொரி போடுகிற கை என்று நம்பியல்லவா என்னிடம் வந்திருக்கிறது. என் பெயர் அச்சில் வருகிற ஆசை அங்கேயே செத்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சு வந்தது.

“பழைய எடத்துக்கே ஏறிப் போயிருக்கும்மா.”

நடுவில் நிற்கிற மேட்டூர் அணையை எந்த மீனும் ஏறிக் கடக்காது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் எவனுக்கும் தெரியாது.

“நெசமாவா? உங்களுக்கு மீனப் பத்தித் தெரியுமா?”

“தெரியும்மா.”

ஆறு வரும் திசையை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பச் சரி. எம் புள்ள அங்க தனியாக் கெடக்கான். துணைக்குப் போயிருக்கு.”

மடியில் மீதமிருந்த பொரியை என் இரு கைகளிலும் கொட்டினாள்.

“இனிமே யாருக்குப் போடப் போறேன். நீங்க தின்னுங்க, பாய்.”

மீனை அள்ளிய கைகள். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால், ஒரு பொரி மிச்சமில்லாமல் தின்றேன்.