காற்று போகிற ஓட்டை

காற்று கசிகிற சத்தம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. இருபது வருடத்துக்கு மேல் ஏர் பிரேக் வண்டி ஓட்டுகிறவன் நான். வண்டிக்கடியில் எங்கேயாவது 'புஸ்' என்றால் அதை அடைக்காமல் சாவியைத் தொட மாட்டேன். காற்று போனால் பிரேக் போச்சு, பிரேக் போனால் எல்லாம் போச்சு.

மதுரையிலிருந்து அந்த மெஷின் வந்த அன்றைக்கும் அப்படித்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்று, அதற்குக் காற்றடிக்கிற குழாய் ஒன்று. குழாய் வந்து மாஸ்க்கில் சேருகிற இடத்தில் ஊசித்துளைகளாக இருந்தன. அத்தனையிலும் 'ஸ்ஸ்' என்று காற்று போனது. "புது சாமான்லயே ஓட்டையா?" என்று திட்டிக்கொண்டே எம்-சீலைப் பிசைந்து அப்பினேன். சத்தம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த மெஷின் என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ராஜபாளையம் ரயில்வே கேட். தளவாய்புரத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற காலேஜ் பஸ் என்னுடையது. ஒருநாள் காலையில் ரயில் போனது, கேட் திறந்தது, என் கண் மட்டும் திறக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் ஒன்று படம் பிடித்துவிட்டது. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் வீடியோ டிரான்ஸ்போர்ட் மேனேஜர் கைக்குப் போய்விட்டது.

தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து நிற்கிற வியாதி என்றார் டாக்டர். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் கறார். "தினமும் நாலு மணி நேரமாவது மெஷினைப் போட்டுத் தூங்குங்க, கண்ணுச்சாமி. ஒரு மாச ரிப்போர்ட் வரட்டும், பொறவு சாவி." அதுவரை ஷெட்டில் பஸ் கழுவுகிற வேலை. என் வண்டியை எட்வின் என்கிற சின்னப் பையனுக்குக் கொடுத்தார்கள்.

மாஸ்க்கைப் போட்டால் முதலில் காற்று நன்றாகத்தான் வரும். செத்த நேரத்தில் நெஞ்சு கனக்கும். இழுக்க இழுக்க மூச்சு பற்றாது. தகர டிரம்முக்குள் போட்டு மூடியதுபோல் நான் விட்ட மூச்சே திரும்ப என் மூக்கில் வந்து சுடும். வேர்த்து ஊற்றும். கழற்றி வீசலாம் என்றால் மெஷினுக்குள் ஒரு சிம் இருக்கிறது. நான் எப்போது மாட்டினேன், எப்போது கழற்றினேன் என்று மதுரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தூக்கம் எங்கே வரும்? செத்துப்போய்விடுவேன் என்று பயந்தேன். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இவனுக்கு மெஷினும் ஒத்துக்கவில்லை என்று ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் மனைவி முனீஸ்வரி நைட்டி தைக்கிறவள். தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக் காவலிருந்தாள். நான் மாஸ்க்கின் ஓரத்தில் விரலை விட்டால் போதும், கையைப் பிடித்துக்கொள்வாள்.

"மூச்சு முட்டுதுட்டீ."

"எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்குமாம். பஸ்ஸ ஓட்டணுமா வேண்டாமா? கெடங்க பேசாம."

மெஷின் கொடுத்த மதுரைக்காரனுக்குப் போன் போட்டேன். மெஷின் அனுப்பிய கணக்கைப் பார்த்துக்கொண்டே அவனும் அதையேதான் சொன்னான். "பழகிரும் சார். உங்க மாஸ்க்ல லீக்கே இல்ல, சூப்பரா போட்டிருக்கீங்க!" அடைத்தவன் நானல்லவா, எப்படி இருக்கும்? உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. தலைவலியோடு எழுந்து, பஸ் கழுவப் போய், பக்கெட்டின்மேல் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மாதம் முடிகிற அன்று மத்தியானம் எட்வின் ஷெட்டுக்கு ஓடிவந்தான். "அண்ணே, வண்டி நகர மாட்டேங்குது. பிரேக்க விட்டாலும் சக்கரம் பிடிச்சிக்கிட்டே நிக்கி."

காலேஜ் லீவில் நாலைந்து நாள் சும்மா நின்ற வண்டி. அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் உள்ளே போன காற்று வெளியேற வேண்டும். அதற்கென்று வால்வில் ஒரு வாய் உண்டு. அந்த வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"ஓட்டைய அடைச்சிட்டா காத்து எங்கலே போகும்? சக்கரத்தப் போட்டு நெரிச்சிக்கிட்டுத்தான் நிக்கும்" என்று கம்பியால் குத்தினேன். 'புஸ்' என்று என் முகத்தில் காற்று அடித்தது. சக்கரம் விட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. "அண்ணே, என்னாச்சு?" என்று எட்வின் குனிந்தான். அந்தக் காற்று முகத்தில் பட்ட இடத்திலேயே படுத்துக்கிடந்தேன். குளவிக்காவது புத்தி கிடையாது. எனக்கு எங்கே போயிற்று?

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. போனேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுந்து கை கொடுத்தார். "ரிப்போர்ட் வந்திருச்சு. ஒருநாள்கூட விடாம போட்டிருக்கீங்க. நாளைக்கே வண்டிய எடுங்க." என் சாவியை மேசைமேல் வைத்தார்.

எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? ஒரு மாதமாக இந்தச் சாவிக்குத்தான் அந்த டிரம்முக்குள் கிடந்தேன். கைகூடப் போய்விட்டது. ஆனால் மாட்டிக்கொண்டு கிடந்ததை மெஷின் எண்ணியிருக்கிறது, நான் தூங்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. காலையில்கூட பக்கெட்டிலிருந்து தூங்கி விழுந்தவன் நான். அந்த ரயில்வே கேட் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

"சார், எட்வினே ஓட்டட்டும். இன்னும் ஒரு மாசம் பஸ்ஸக் கழுவுதேன்" என்று சாவியை அவர் பக்கம் தள்ளினேன். எம்-சீல் அப்பியதையும் தூங்காமல் கிடந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மொதல்ல புது மாஸ்க்குக்குச் சொல்லுங்க" என்றார்.

வரும் வழியிலேயே மதுரைக்குப் போன் போட்டேன். எம்-சீல் என்றதும் "ஐயோ சார்!" என்று கத்தினான். விட்ட மூச்சு வெளியே போகத்தான் அந்தத் துளைகளாம். அந்த மாஸ்க்கை இனிமேல் தொடக்கூடாது, புதுசை இன்றைக்கே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றான்.

சாயங்காலம் முனீஸ்வரி பழைய மாஸ்க்கை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். என் அழகான பூச்சுக்கு ஓரத்தில் இரண்டு துளைகள் மட்டும் சரியாக அடைபடாமல் இருந்தன. ஒரு மாதம் அந்த இரண்டும்தான் என்னை உயிரோடு வைத்திருக்கின்றன. அவள் மாஸ்க்கைக் கீழே வைத்தாள். "நாந்தான உங்க கையப் பிடிச்சி அமுக்குனேன்" என்று அழுதாள். நானும் அழுதேன்.

புது மாஸ்க் வந்ததும் மாட்டிக்கொண்டு படுத்தேன். 'ஸ்ஸ்' என்று காற்று போனது. நெஞ்சு கனக்கவில்லை. மூச்சை விட்டால் விட்ட மூச்சு போய்க்கொண்டே இருந்தது. கண் சொக்கியது.

பழக்கதோஷம், என் கை தானாக எழுந்து அந்தத் துளைகளைப் பொத்தப் போனது. முனீஸ்வரி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அது போகட்டுங்க" என்றாள்.