ஓகுந்தேயியைப் பார்க்கப் போனவள்

என் மனைவி மொரோன்கேவுக்கு நாடகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இடோக்குச் சந்தையில் அவுரிச் சாயத் துணி விற்கிறவள். நாடக வண்டி ஒலிபெருக்கியோடு தெருவில் நுழைந்துவிட்டால் மத்தியானமே கடையைக் கட்டிவிடுவாள். எங்கள் ஊரான அபெயோகூட்டாவில் ஆட்டம் இல்லாத நாளில் ஷாகாமு, இஜெபு ஓடே என்று லாரி ஏறிவிடுவாள். ஆனால் ஒரு நாடகத்தை இரண்டாம் முறை பார்த்தவள் இல்லை. கதை தெரிந்தபிறகு என்ன இருக்கிறது என்பாள். நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, வில்லனை அவள் திட்டுவதைக் கேட்பதுதான் எனக்கு நாடகம்.

அந்த வருஷம் மழை விட்டதும் அயன்தோலாவின் குழு புது நாடகத்தோடு வந்தது. எங்கள் ஊரின் பழைய சண்டைக் கதை. எதிரிகள் மதிலைச் சூழ்ந்திருக்கிறார்கள். ஊர் பட்டினி கிடக்கிறது. ஒரு விடியற்காலையில் தெற்கு வாசல் காவலன் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிடுகிறான். வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் எதிரியை விரட்டியடிக்கிறார்கள். பிறகு காவலனைப் பிடித்துக் கொன்று, புதைக்காமல் மதிலோரம் போட்டுவிடுகிறார்கள்.

காவலன் பெயர் ஓகுந்தேயி என்று மேடையில் சொன்னதும் கூட்டம் ஊளையிட்டது. ஆரஞ்சுத் தோல் பறந்தது. மொரோன்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடலைப் பொட்டலம் அவள் மடியில் அப்படியே இருந்தது.

மறுநாள் அதே நாடகத்தைப் பார்க்க ஷாகாமு போகவேண்டும் என்றாள். அந்த நடிகன்மேல் கண் விழுந்துவிட்டதா என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இஜெபு ஓடேயிலும் பார்த்தோம். திரும்பி வரும்போது லாரியில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஓகுந்தேயி எங்க வீட்டாளு. எங்கப்பாவுக்குத் தாத்தா."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு இது தெரியாது. அவர்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று முன்னோர்களை வரிசையாகச் சொல்லிப் புகழ்வார்கள். அதில் ஓரிடத்தில் பெண்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவுவார்களாம். ஏன் என்று சின்ன வயதில் கேட்டு அத்தையிடம் அறை வாங்கியிருக்கிறாள். பிறகு அரையும் குறையுமாகத் தெரியவந்ததை வெளியே விட்டதில்லை.

"திட்டறதுக்குக்கூட எங்க வீட்டுல அவர் பேர எடுத்ததில்ல, வாண்டே அப்பா. இங்க அவரு நடக்கறாரு, உக்காருறாரு. கஞ்சிய ஊதி ஊதிக் குடிக்கறாரு. அதத்தான் பாக்கப் போனேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழு கடைசி ஆட்டத்துக்கு எங்கள் ஊருக்கே திரும்பியது. ஆட்டத்துக்கு முன்னால், காவலனாக நடிக்கும் ஜிமோவைத் தேடிப் போனோம். ஒல்லியான ஆள், மண்டபத்துக்குப் பின்னால் முகத்தில் மை தீட்டிக்கொண்டிருந்தார். மொரோன்கே இலையில் வேகவைத்த பயற்றுக் கொழுக்கட்டையை நீட்டினாள். அவர் தயங்கித்தான் வாங்கினார். இந்த வேஷத்துக்கு இதுவரை செருப்புதான் கிடைத்திருக்கிறது என்றார். அவள் தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் ஏன் கதவைத் திறந்தார் என்று கேட்டாள்.

ஜிமோ கொழுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "தெரியாதும்மா. முதலாளி சொன்ன கதையில காவலன் திறந்தான்னு மட்டுந்தான் இருக்கு. பசியா, பயமா, ஏதாச்சும் வாங்கிட்டானா, ஒண்ணும் இல்ல."

"கஞ்சி குடிக்கிறது?"

"அது நானாச் சேத்தது. சும்மா எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவள் முகம் விழுந்துவிட்டது. அந்தக் கஞ்சிக்காகத்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். கொழுக்கட்டையை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் குடிக்கிறீங்க" என்றாள்.

அன்று மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. காவலனை வெட்டிப் போட்டார்கள். ஜிமோ மேடையில் கிடந்தார். கூட்டம் கைதட்டி ஏசியது. பிடித்த நடிகனுக்கு நெற்றியில் பண நோட்டு ஒட்ட யாராவது மேடையேறுவது வழக்கம்தான். அதனால் மொரோன்கே ஏறியதை யாரும் தடுக்கவில்லை. தோளில் கிடந்த நீலத் துணியை எடுத்து அவரைத் தலைமுதல் கால்வரை போர்த்தினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவரு எங்க பெரியவரு. செஞ்சது தப்பு. இல்லேன்னு சொல்ல வரல. செத்தவரப் போர்த்தணும், அவ்வளவுதான்."

கூட்டத்திலிருந்து துரோகி வீட்டாள் என்று ஒருவன் கத்தினான். அவள் தன் குலத்துப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். மூச்சு வாங்குகிற இடம் வந்ததும் நிற்காமல் ஓகுந்தேயி என்றாள். பக்கவாட்டில் அமர்ந்திருந்த குழு முதலாளி அயன்தோலா, சொல்லின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒலிக்கும் பேசும் முரசைக் கக்கத்தில் இடுக்கி, அவள் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாக முழக்கினார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். துணிக்குள் ஜிமோ அசையவே இல்லை.

மறுநாள் அவள் அண்ணன் வந்து, நூறு வருஷமாக மூடி வைத்ததைத் தெருவில் கொட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பழைய வாடிக்கைக்காரிகள் சிலர் பக்கத்துக் கடைக்கு மாறினார்கள்.

அந்த வாரக் கடைசியில் நான் அவள் கடையில் இருந்தபோது, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வயதான அம்மாள் வந்தார். துணி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. தெற்கு வாசலுக்கு உள்ளே முதல் வீட்டு வளவு தங்களுடையது என்றார். கதவு திறந்த அன்று காலை அந்த வளவில் செத்தவர்கள் பலராம்.

"நீ போர்த்தினதப் பாத்தேன். எங்காளுங்களப் போர்த்த அன்னிக்கு யாரு இருந்தா?"

அவர் பேசி முடித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மொரோன்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க பேரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாடிக்கை வந்து நின்றது, போனது. மொரோன்கே எழுந்திருக்கவில்லை.