கூரை வழியாக வந்தவன்

செத்துவிட்டதாகச் சேதி வந்தவன் உயிரோடு திரும்பினால் வாசல் வழியே வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நுமேரியஸ் தன் வீட்டுக் கூரையில் ஏறி, ஓடுகளைப் பிரித்து, கயிற்றைப் பிடித்து இறங்கினான். எதிரே மனைவி ஓப்பியா நின்றாள். பக்கத்தில், அவளை மணந்து அந்த வீட்டிலேயே குடியிருந்த ஹெல்வியஸ். ஒரு சிறுமி அவள் ஆடையைப் பற்றியிருந்தாள்.

"இவ யாரு?"

"நீங்க சண்டைக்குப் போறப்ப வயித்துல இருந்தவ."

தெருவில் கூடியிருந்தவர்களில் ஒருவன், "ஹெல்வியஸ், நீ எந்த வழியாப்பா வெளிய போகப்போற?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் சந்தைத் திடலில் நீதிபதி விசாரித்தார். சட்டப்படி, எதிரியிடம் பிடிபட்ட வீரன் அன்றே அனைத்தையும் இழந்தவன். எல்லை தாண்டித் திரும்பிவிட்டால் வீடு, ஆலிவ் தோப்பு, பெற்ற பிள்ளை மேலுள்ள அதிகாரம் எல்லாம் மறுபடி அவனுடையவை. திருமணம் மட்டும் திரும்பாது. அதற்கு இருவர் சம்மதமும் வேண்டும்.

"யாரோட இருக்கணும்னு நீயே சொல்லும்மா," என்றார் நீதிபதி.

ஓப்பியா ஹெல்வியஸ் பக்கம் நகர்ந்து நின்றாள்.

எதிரி நாடான கௌலில் ஒருவனுடைய குதிரைகளைக் கவனித்துக்கொண்டு அடிமையாகக் கிடந்த ஒன்பது வருடமும் நுமேரியஸ் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தது அவளோடுதான். வீட்டையோ தோப்பையோ அவன் நினைத்ததே இல்லை.

"சட்டம் எதெல்லாம் என்னுதுன்னு சொல்லுதோ, அதெல்லாம் எனக்கு வேணும்," என்றான்.

"வீட்ட எடுத்துக்குங்க. தோப்ப எடுத்துக்குங்க. புள்ளைய விட்ருங்க. அவளுக்கு உங்க மொகமே தெரியாது," என்றாள் ஓப்பியா.

"உனக்குத் தெரியும்ல?"

ஓப்பியா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் காலை, ஹெல்வியஸ் வண்டியில் சாமான்களை ஏற்றினான். ஓப்பியா உள்ளே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மெதுவாக, போட்ட பின்னலையே அவிழ்த்து அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"போதும். கெளம்பு," என்றான் நுமேரியஸ்.

ஓப்பியா போன பிறகு, பாதியில் நின்ற பின்னலை அவன் கையில் எடுத்தான். குதிரைகளின் பிடரி மயிரைப் பின்னிப் பின்னிப் பழகிய விரல்கள் தடுமாறவில்லை. சிறுமி அழவில்லை. கழுத்தை விறைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி நின்றாள். அடிமைச் சந்தையில் விலை பேசி முடிந்ததும் புது எஜமானன் தொட்டுப் பார்க்கும்போது அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளுக்கும்தான்.

வெளியே வண்டிச் சக்கரங்கள் கல்லில் உரசி நகர்ந்தன. அவன் பின்னலை இறுக்கினான்.