சனிக்கிழமை டிக்கெட் இன்னும் வரவில்லை

புதன்கிழமை காலை பத்தே கால். விம்பிள்டன் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் சிவமலருக்கு முன்னால் ஒருவர்தான் நின்றார். அவர் விலகியதும் அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். கோயிலுக்குப் போகிற சனம் இந்த வழியாகத்தான் வரும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் சட்டையில் பியற்றிஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

“நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு,” என்றாள் சிவமலர். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த ஆங்கிலம். “ஒரு ஆள். ஒரு வழி. அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை, காலையில். மலிவு டிக்கெட்.”

பியற்றிஸ் தட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளிக்கு இருக்கிறது, ஞாயிறுக்கு இருக்கிறது, அந்தச் சனிக்கு மட்டும் இல்லை. தண்டவாள வேலையாம். எந்த ரயில் ஓடும் என்று முடிவாகும் வரை மலிவு டிக்கெட்டை விற்பனைக்கு விடமாட்டார்கள்.

“எப்போது விடுவார்கள்?”

“அடுத்த வாரமாக இருக்கலாம். அதற்கடுத்த வாரமாகவும் இருக்கலாம். ஞாயிறு சரிவராதா?”

“சனிக்கிழமை காலைதான்.”

வான்மதி அவளுடைய ஒரே மகள். பிரவீணனைக் கட்டிக்கொண்டு நியூகாசிலுக்குப் போய் இரண்டு வருடம். இப்போதெல்லாம் தாயுடன் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறாள், அதுவும் அவன் வெளியே நிற்கும்போது. போன ஞாயிறு சொன்னாள். பிரவீணன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு சூரிச்சில் ஒரு கலியாணத்துக்குப் போகிறான். சனி விடியவே விமானம். அவனுடைய அக்கா மத்தியானம் வந்து காவல் மாதிரி நிற்பாள். இடையில் வீட்டில் ஒருவரும் இல்லை.

“அந்தக் காலமை மட்டும்தான் அம்மா. என்ர கார்டிலை வாங்கினா அவரின்ரை போனுக்கு மெசேஜ் போயிடும். நீங்கள் எடுத்து அனுப்புவியளோ?”

அதற்கு முன்பு ஒருநாள் வீடியோவில் முடியை ஒதுக்கும்போது மகளின் சட்டைக் கை வழுக்கியது. முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது. கதவில் இடிபட்டது என்றாள். அதன் பிறகு வீடியோவுக்கு வருவதில்லை.

கணவர் நடராஜாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அந்த நிமிடமே மருமகனுக்குப் போன் அடித்து, “என்ன தம்பி, சின்னப் பிரச்சினையாம்?” என்று கேட்பார். வங்கி அட்டையில் வாங்கினாலும் அவர் கண்ணில் படும். பிளவுஸ் தைத்துச் சேர்த்த காசு கைப்பையில் இருந்தது. மலிவு டிக்கெட்டுக்குத்தான் அது காணும்.

“போனைத் தாருங்கள்,” என்றாள் பியற்றிஸ். சிவமலர் கண்ணாடிக்கு அடியால் தள்ளினாள். “விற்பனை தொடங்கிய உடனே உங்களுக்கு ஈமெயில் வரும். தினமும் இங்கே வந்து நிற்க வேண்டியதில்லை.” ஈமெயில் முகவரியைப் போன் தானாகவே நிரப்பிக்கொண்டது. “முடிந்தது. இப்போதே ஒன்று வந்திருக்கும், பாருங்கள்.”

சிவமலர் இரண்டு தரம் நன்றி சொன்னாள்.

93 பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து போனைத் திறந்தாள். வந்திருந்தது. நியூகாசில், லண்டன், சனிக்கிழமை, ஒரு வழி. எல்லாம் தடித்த எழுத்தில். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

இந்த ஈமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவன் பிரவீணன்.

வான்மதியின் கலியாணம் முடிந்த கிழமை, இவர்களுடைய மோர்டன் வீட்டுச் சோபாவில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு திறந்து கொடுத்தான். “பாஸ்வேர்ட் மறந்தாலும் யோசியாதேங்கோ மாமி, என்ர போனிலையும் போட்டு வைச்சிருக்கிறன்.” அன்று முதல் கேஸ் பில், கவுன்சில் வரி எல்லாம் அவன் பொறுப்பு. “மாமி, நாளைக்கு உங்களுக்குப் பல் டொக்டர்,” என்று அங்கேயிருந்து போன் அடித்துச் சொல்வான். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நடராஜா கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அழித்தாள். அழிக்கப்பட்டது என்று போன் சொன்னது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமா? இப்படியான சந்தேகம் வந்தால் அவள் கேட்பது பிரவீணன் ஒருவனிடம்தான்.

மகளுக்கு எழுதத் தொடங்கி நிறுத்தினாள். அந்தப் போன் இப்போது யார் கையில் இருக்கிறதோ. சவுத் விம்பிள்டனில் பஸ் நின்றது. இறங்கித் திரும்பிப் போய்ப் பியற்றிஸிடம் நிறுத்தச் சொல்லலாமா? எழுந்தாள். கதவு மூடிவிட்டது. மறுபடியும் இருந்தாள். அவன் இந்நேரம் வேலையில் நிற்பான். வேலையில் நிற்கிறவன் மாமியின் ஈமெயிலையா பார்த்துக்கொண்டிருப்பான்? மோர்டன் வரும் வரை அந்த ஒரு நினைப்பையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே நடராஜாவின் சிரிப்புக் கேட்டது.

“இந்தா, வந்திட்டா உங்கடை மாமி,” என்று போனுக்குள் சொன்னார். பிறகு அவளிடம், “எங்கையப்பா போனனீர்? மீன்கடைக்கெண்டு சொல்லிப்போட்டு... இப்ப மீன்கடையிலையோ ரெயில் டிக்கெட் விக்கினம்? மருமகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னை விட்டிட்டுத் தனிய வெளிக்கிடுற பிளான் போலை!”

போனை நீட்டினார். வாங்காமல் இருக்க முடியவில்லை.

“மாமி.” எப்போதும் போல மென்மையான குரல். “டிக்கெட் பாத்தனீங்கள் போலை.”

“ஓம் தம்பி.” வாய் தானாகப் பேசியது. “உங்கை வந்து உங்கள் ரெண்டு பேரையும் பாத்திட்டு வருவமெண்டு. பிள்ளைக்குச் சொல்லாமல் வந்து நிப்பம் எண்டு நினைச்சன்.”

“நல்லது மாமி. ஆனா தலைகீழாப் போட்டிருக்கிறியள். நியூகாசிலிலையிருந்து லண்டனுக்கு எண்டெல்லோ கிடக்கு.”

“எனக்கு உதுகள் எங்கை விளங்குது தம்பி.”

அவன் சிரித்தான். சத்தம் கூட்டி வைத்த போன். நடராஜாவும் சேர்ந்து சிரித்தார். சிவமலர் சுவரில் கையை ஊன்றினாள். நம்பிவிட்டான். நம்பியிருக்க வேண்டும்.

“நான் திருத்தி விட்டிட்டன். டிக்கெட் எப்ப வருதெண்டு நானே பாத்துச் சொல்லுறன். மெயில் இனி எனக்குத்தான் வரும். நீங்கள் ஒண்டுக்கும் அலையாதேங்கோ.”

“உங்களுக்கேன் தம்பி கரைச்சல்? நீங்கள் கலியாணத்துக்குப் போற அவதியிலை...”

நாக்கைக் கடித்தாள். சூரிச் பயணத்தைப் பற்றி அவன் இந்த வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.



“கலியாணம் எண்டு உங்களுக்கு ஆர் மாமி சொன்னது?”

“என்ன கலியாணம்?” நடராஜா அவளைப் பார்த்தார். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“நான் போகேல்லை மாமி,” என்றான் பிரவீணன். குரலில் மென்மை குறையவே இல்லை. “அம்மா அக்காவோடை போகட்டும். இண்டைக்கும் நான் வேலைக்குப் போகேல்லை, வீட்டிலைதான் நிக்கிறன். வான்மதியைத் தனிய விட மனம் வரேல்லை.”

அவனுக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. சிவமலர் போனைக் காதோடு அழுத்தினாள்.

“தம்பி, பிள்ளையிட்டை ஒருக்காப் போனைக் குடுங்கோ.”