முதலாளியின் உகாதி வாழ்த்து

விஜயவாடாவில் கொண்டல ராவ் நடத்திய இணையதளங்களுக்கு சர்வர் இடம் வாடகைக்கு விடும் கம்பெனியில் எல்லா வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலும் ஒரே சர்வர் வழியாகத்தான் போகும். அன்று காலை ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஊறுகாய்க்காரர் முதல் ஹோமியோபதி கல்லூரி வரை சர்வரைக் கவனிக்கும் ஹைமாவதிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள்.

"குப்பை மெயில் அனுப்புற சர்வர்னு பெரிய மெயில் கம்பெனிங்க எல்லாம் நம்மள முத்திரை குத்திட்டாங்க சார். யாரோ ஒருத்தர் பண்ண வேலைக்கு எல்லாருக்கும் கதவைச் சாத்திட்டாங்க."

"எந்தத் தரித்திரம்மா அது? இப்பவே வெளிய தள்ளு" என்றார் ராவ்.

அவளுக்குப் புடவைக் கடைக்காரர்மேல்தான் சந்தேகம். தேடிப் பார்த்தால், குப்பை கிளம்பியது முதலாளியிடமிருந்தே. உகாதி வாழ்த்து, பச்சடிக் கிண்ணத்தோடு அவர் படம். விலகிப் போன வாடிக்கையாளர், எப்போதோ விலை விசாரித்தவர் என ஒருவரையும் அவர் விடவில்லை.

"பண்டிகைக்கு வாழ்த்துறது குப்பையாம்மா?"

"கேக்காதவங்களுக்கு அனுப்பினா குப்பைதான் சார். ஏகப்பட்ட பேர் புகார் பண்ணிருக்காங்க."

"நன்றி கெட்ட ஜனங்க."

கறை படாத வேறொரு சர்வருக்கு எல்லாரையும் மாற்றினாள். முதலாளியை மட்டும் பழையதிலேயே விட்டுவிட ஆசைதான். ஆனால் சம்பளம் கொடுப்பவர் அவர். மின்னஞ்சல்கள் ஓடத் தொடங்கின. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

ராவின் முகத்தில் சாந்தம்.

"மனசு கேக்கலைம்மா. தொந்தரவுக்கு மன்னிப்பு கேட்டு ஒரு மெயில் போட்டுட்டேன்."

"யாருக்கு சார்?"

"வாழ்த்து போன எல்லாருக்கும்தான்."

மேசையில் போன் அடித்தது. ஊறுகாய்க்காரர்.