செயினில் ஒரு டக்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் சுப்புராயனுக்குக் கை சும்மா இருக்காது. விசைப்படகுகளெல்லாம் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக்கிடக்க, கடலுக்குப் போக முடியாத மனுஷன் கிரீஸ் டப்பாவும் கையுமாக முகத்துவாரக்குப்பத்து வீட்டையே சுற்றிச் சுற்றி வருவார். படகில் வலை இழுக்கும் வின்ச் முதல் சின்ன ஆணிவரை எல்லா இரும்புக்கும் தடவி முடித்த பிறகும் டப்பாவில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் கதவுக் கீலுக்குப் போகும், ஜன்னல் கொண்டிக்குப் போகும். போன வருஷம் மனைவி பவுனம்மாளின் அரிவாள்மனைக்கே போய்விட்டது. அன்றைக்கு வைத்த மீன்குழம்பை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. இந்த வருஷம் அவர் கண்ணில் பட்டது மகள் நர்மதாவின் கியர் சைக்கிள்.

நர்மதாவுக்குத் திருவொற்றியூரில் பேக்கரி வேலை. விடியுமுன்னே அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடையாது, பஸ்ஸை நம்பினால் பாதி நாள் லீவுதான். கூட வேலை பார்க்கும் டெபோரா தன் பழைய சைக்கிளைத் தந்ததால்தான் வேலையே நிலைத்தது. மாவு பிசைந்துகொண்டிருந்தவளை இப்போதுதான் கேக் மேல் கிரீம் பூ போடும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மேஜைமேல் அவளுக்கு உயிர்.

அப்பா ஆசையாகச் செயினில் கிரீஸ் அப்பியபோது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சில நாள் சத்தமே இல்லை. அப்புறம் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. அவர் இன்னும் கொஞ்சம் அப்பினார். கரகரப்புக்கு நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. அதற்கும் அப்பினார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, பின்னால் கண்டெய்னர் லாரி நெருங்கியதும், முந்திப் போய்விடலாம் என்று நர்மதா எழுந்து நின்று மிதித்தாள். நேரம் பார்த்து அந்த ‘டக்’ செயினைத் துள்ள வைத்தது. கால் வழுக்கி ரோட்டோர மண்ணில் விழுந்தாள். முழங்கால் தேய்ந்ததோடு போயிற்று, லாரிப் பக்கம் சாயாதது அவள் நல்ல நேரம். எதிர் டீக்கடையில் நின்ற, அப்பாவோடு படகில் போகும் செங்குட்டுவன் அதைப் பார்த்துவிட்டு நேராகச் சுப்புராயனிடம் போய்ச் சொன்னான்.

“சைக்கிளும் வேணாம், வேலையும் வேணாம். வூட்ல கெட,” என்றார் அப்பா.

“நான் சரி பண்ணிக்கிறேன், நைனா.”

“சைக்கிள் கட ரஷீது பாயே கியர் வண்டிய தொடமாட்டேன்னுட்டாரு. நீ இன்னா பண்ணுவ?”

“பாத்துக்கினே இரு.”

அவர் பயந்துபோயிருந்தார். பயம் வந்தால் அவருக்குக் குரல் ஓங்கும். “ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் நானே ஓட்டிப் பாப்பேன். ஒரே ஒரு ‘டக்’கு கேட்டாலும் நேரா காயலான் கடைதான்.”

சொன்னால் செய்கிற ஆள் அவர். வீட்டு மிக்ஸி அப்படித்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததும் நர்மதா சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டாள். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவள். போனில் பார்த்த வீடியோவில் வெள்ளைக் கையுறை மாட்டிய ஒருவன் சைக்கிளைக் கொடியில் சட்டை போடுவது போல ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஏதேதோ பாஷையில் பேசினான். அவன் காதைச் சாய்த்துக் காட்டியதில் ஒன்று மட்டும் புரிந்தது. முதலில் எதையும் கழற்றக் கூடாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

கேட்டாள். பின்சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, பெடலிலிருந்து கையை எடுத்தாள். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது, கரகரப்பும் டக்கும் இல்லை. அப்படியானால் சக்கரத்தின்மேல் குற்றமில்லை. பெடலைச் சுற்றினாள், இரண்டும் வந்தன. கியரை மாற்றிச் சுற்றினாள், அப்போதும் வந்தன. மிச்சம் இருப்பது செயின்தான். அதைத் தொட்டு, விரலில் வந்த கிரீஸைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நெறநெறவென்றது. கடற்கரை மணலும் லாரிகள் கிளப்பும் கரித்தூளும் கிரீஸில் ஒட்டி, செயினுக்குள் அம்மி அரைத்துக்கொண்டிருந்தன.

நர்மதா ஒரு டப்பாவில் டீசல் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷை முக்கி, கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். துணி கறுத்தது, கை கறுத்தது, மூக்கைச் சொறிந்ததில் மூக்கும் கறுத்தது. கடைசியில் செயின் வெள்ளிக் கொலுசு போலப் பளபளத்தபோது அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார்.

“அடிப்பாவி! இன்னா காரியம் பண்ணிகினு கீற? உப்புக் காத்துல இரும்ப இப்டி அம்மணமா வுட்டா நாளைக்கே துரு தின்னுடும்!”

நர்மதா கறுத்த துணியை நீட்டினாள். “தேய்ச்சுப் பாரு.”

தேய்த்தார். தேய்த்த விரல்களைப் பார்த்தார்.

“மணல் வுழுந்த கிரீஸ வின்ச்சுக்குப் போடுவியா, நைனா?”

போடமாட்டார். போடவந்த ஒரு பையனைப் படகிலிருந்தே இறக்கிவிட்டவர் அவர். “அது வேற, இது வேற,” என்று முனகினார். ஆனால் உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அவள் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்காவிடம் தையல் மெஷின் எண்ணெய் வாங்கிவந்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, சுற்றி ஊறவைத்து, பிறகு துணியால் துடைத்தாள். அப்பாவுக்கு வயிறு எரிந்தது. “போட்டுட்டு ஏன் தொடைக்கிற?”

“வெளிய இருந்தா மண்ணு ஒட்டும். உள்ள இருந்தாப் போதும்.”

பெடலைச் சுற்றினாள். கரகரப்பு போயே போய்விட்டது. அந்த நிம்மதியில் வாய் திறக்குமுன் வந்தது, டக். முன்பு இரைச்சலோடு இரைச்சலாக வந்தது, இப்போது தனியாக, தெளிவாக வந்தது. நர்மதாவுக்கு அழுகை முட்டியது. டெபோரா, கிரீம், மேஜை எல்லாம் கையைவிட்டுப் போவது போலிருந்தது.

“கேட்டுதா?” என்றார் அப்பா.

“கேட்டுச்சு. இன்னும் சாய்ங்காலம் ஆவல.”

உள்ளே போய் நகச்சாயத்தை எடுத்துவந்தாள். மெதுவாகப் பெடலைச் சுற்றி, டக் என்றதும் நிறுத்தினாள். பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் குட்டிப் பல்சக்கரத்தின்மேல் அப்போது இருந்த கண்ணிக்குச் சிவப்புப் பொட்டு வைத்தாள். மறுபடி சுற்றினாள். பொட்டு சுற்றி வந்து குட்டிச் சக்கரத்தைத் தொட்டதும் டக். இன்னொரு சுற்று. பொட்டு, டக்.

“அதான் திருடன்,” என்று அப்பாவே கத்திவிட்டார்.

மற்ற கண்ணிகள் முழங்கால் போல மடங்கின. அது மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. எப்போதோ பிடித்த துரு, மேலே கிரீஸ் மூடியதில் ஒருவர் கண்ணிலும் படாமல் உள்ளேயே இறுகியிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு கட்டை விரலாலும் பக்கவாட்டில் அழுத்தி வளைத்தாள். அசையவில்லை. விரல் சிவந்து தோல் வழன்றது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். “குடு, நான் பண்றேன்,” என்று அப்பா கையை நீட்டினார். “நீ ஓட்டிப் பாக்குற ஆளு. கையெடு,” என்றாள். பவுனம்மாள் உள்ளேயிருந்து சிரித்தாள். கண்ணி முதலில் ஒரு மயிரிழை அசைந்தது, பிறகு இளகியது, பிறகு மற்றவற்றைப் போலவே மடங்கியது.

சாயங்காலம் சுப்புராயன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். முகத்துவாரம் பக்கம் போகும் தெருவில் எழுந்து நின்று, பழிதீர்ப்பவர் போல மிதித்துக்கொண்டு மறைந்தார்.

நர்மதா வாசலில் நின்று அந்தத் தெருவையே பார்த்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சத்தம் போடாதே என்றாள். தூரத்தில் லாரி போனது, அலை அடித்தது, ஒரு நாய் குரைத்தது. எவ்வளவு காதைத் தீட்டினாலும் சைக்கிள் வருவது மட்டும் கேட்கவில்லை. எங்காவது செயின் அறுந்து விழுந்து கிடக்கிறாரோ என்று வாசலிலிருந்து தெருவுக்கே இறங்கினாள்.

“அங்க இன்னா பாத்துகினு நிக்கிற?”

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். பின் சந்து வழியாகச் சுற்றிவந்து, அவள் முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில், வியர்க்க வியர்க்கச் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார் அப்பா. நர்மதாவுக்கு அடக்கிவைத்திருந்த அழுகை இப்போது வந்தது. மூக்குக் கறுப்பெல்லாம் கன்னத்தில் வழிந்தது.

அவர் இறங்கி, சைக்கிளை அவள் கையில் கொடுத்தார். கிரீஸ் டப்பாவை எடுத்து மூடியை இறுக்கித் திருகி, பரண்மேல் தள்ளினார்.

“காலைல போறதுக்குள்ள ஒரு பெல்லு மாட்டணும்,” என்றார். “நீ வர்றது இனிமே எந்த லாரிக்காரனுக்கும் கேக்காது.”