சாத்திய கதவுக்குள் மணி

சம்பளமே வாங்காமல் வாராவாரம் ஜெயிலுக்குப் போகிற ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நூலகரின் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். சிறைத் துறைக்குக் கட்டுப்படாத பார்வையாளர் குழுவில் அவள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போகலாம், எந்த அறையையும் திறக்கச் சொல்லலாம், யாரோடும் தனியாகப் பேசலாம். பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறைக்கு ஒரு படிவம். விளக்கு, குழாய், போர்வை, அழைப்பு மணி என்று வரிசையாக இருக்கும்; எதிரே டிக் போட வேண்டும். புத்தகம் அடுக்கிப் பழகிய கை, ஒரு கட்டத்தைக்கூட விடாது. உள்ளே இருப்பவர்கள் அவளுக்கு ‘டிக் அக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதிலிருந்த குத்தல் அவளுக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினேழாம் அறைக்காரர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்துமாக்காரர். மூச்சு விடுகிற சத்தத்தை வைத்து எல்லோரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன கோபம் என்று வார்டரிடம் விசாரித்தாள். மூச்சு முட்டும்போது மணியை அழுத்தினால் ஒருவரும் வருவதில்லை, என்னை மருத்துவ அறைக்குப் பக்கத்தில் மாற்றுங்கள் என்று விசில் மனு கொடுத்தாராம். அலுவலகத்தில் அவளுடைய படிவத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பதினேழு, அழைப்பு மணி, டிக். பொய்ப் புகார் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

போன மாதம் அழுத்திப் பார்த்துத்தானே எழுதினாள்? இப்போதும் அழுத்தினாள். தாழ்வாரத்தின் கோடியில் வார்டரின் மேசை மேல் மணி கணீரென்று அடித்தது.

“அடிக்குதே,” என்றாள்.

விசில் திரும்பிப் பார்க்கவில்லை. “கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நான் என்னிக்குக்கா மணி அடிச்சேன்?”

கதவு உங்களுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் குழுவின் பயிற்சியில் முதல் பாடம். இரண்டு வருடத்தில் அவளோ குழுவில் வேறு யாருமோ சாத்திய கதவுக்குள் நின்று ஒரு மணியையும் அழுத்தியதில்லை.

விசிலை வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டுத் தன்னை உள்ளே வைத்துப் பூட்டும்படி வார்டரிடம் சொன்னாள்.

“உங்களுக்கு ஒண்ணுன்னா என் வேலை போயிடும் மேடம்.”

“மணி அடிச்சா வந்து திறக்கப் போறீங்க. அப்புறம் என்ன பயம்?”

வார்டர் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அவள் அழுத்தினாள். காத்திருந்து மறுபடி அழுத்தினாள். கைக்கடிகாரத்தில் எட்டு நிமிடம் ஓடியது. அவளுக்கு நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இருந்த காற்றையெல்லாம் யாரோ உறிஞ்சிக்கொண்ட மாதிரி மேல்மூச்சு வாங்கியது. கை தன்னையறியாமல் கதவை ஒருமுறை தட்டிவிட்டது.

“விசிலு, இழுப்பு வந்துருச்சாடா?” பதினெட்டாம் அறையிலிருந்து, எல்லோரும் வெல்டர் என்று கூப்பிடுகிறவரின் குரல். வெல்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் கதவை மூன்று முறை அறைந்தார். அது அடங்கியதும் அடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒன்றின் மேல் ஒன்று விழாமல், ஒரு கதவும் விட்டுப்போகாமல், மூன்று மூன்றாக அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்து போனது. ஒரு துண்டு சோப்புக்கு அடித்துக்கொள்கிறவர்கள், பக்கத்து அறைக்காரன் முகத்தில் ஜென்மத்துக்கும் விழிக்க மாட்டேன் என்று அவளிடமே சொன்னவர்கள், யாருக்கு என்று கேட்காமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘கைதிகள் கதவைத் தட்டி ரகளை செய்கிறார்கள்’ என்று வார்டர்கள் சொன்னதைக் கேட்டு அவளே முன்பு ஓர் அறிக்கையில் எழுதியிருந்தாள். ரகளை என்றது இதைத்தான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. வெளிறிப்போன வார்டருக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்ற விசில், தன் மூச்சு மருந்தை அவளிடம் நீட்டினார்.

கதவை ஆட்டிப் பார்த்ததில் விஷயம் வெளிப்பட்டது. மணியின் கம்பி கீல் வழியாகப் போகிறது. சாத்தினால் நசுங்கி இணைப்பு விட்டுப்போகிறது, திறந்தால் மறுபடி சேர்ந்துகொள்கிறது. என் டிக் தவறு என்று அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மதியத்துக்குள் விசிலை மருத்துவ அறைக்குப் பக்கத்தில் மாற்ற உத்தரவு வந்தது.

இப்படி எத்தனை தடவை ஆகியிருக்கும் என்று வெல்டரிடம் கேட்டாள்.

“யாரு எண்ணினா? சத்தம் வந்தா அடுத்த கதவுக்குத் தள்ளி விட்டுருவோம். தூங்குறவனுக்கு மட்டும் ரெண்டு தடவ.”

துணி மூட்டையோடு கிளம்பிய விசில் அவளருகே நின்றார். “எனக்குச் சரியாப் போச்சுக்கா. மத்த முப்பத்தொம்போது கதவு?”

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பதினெட்டாம் அறை வாசலில் போய் நின்றாள். வெல்டர் வெளியே வந்து வழிவிட்டார்.

“சாத்துங்க,” என்றாள் வார்டரிடம்.

பூட்டு விழுந்தது. தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மற்ற அறைகளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பது சுவர் வழியே அவளுக்குத் தெரிந்தது.